சாயவேரும் கலமும்: சோழமண்டலக் கரையின் எழுது துணிகள்

துணி வடிவமைப்பில் ஈடுபாடு கொண்டவர்கள் புதிய கற்பனைக்கு ஊற்று தேடிப் பழைய துணிகளிடம் செல்வது உலகெங்கும் உள்ள வழக்கம். அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் விரித்திருக்கும் துணியில் பூவையும் கொடியையும் கண்டு, தாளில் பிரதியெடுத்து, வேறொரு துணியில் அச்சிடுவதோடு அந்த நாட்டம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கடற்கரையில் எழுதப்பட்ட பருத்தித் துணிகளை இப்படிப் பார்ப்பவருக்கு அவற்றின் பாதிதான் கண்ணில் படுகிறது. அத்துணிகளில் கோடு எங்கே மெலிகிறது, இலை ஏன் நீலமாக நிற்கிறது, சிவந்த இதழுக்குள் வெள்ளை நரம்பு எப்படி ஓடுகிறது என்பவற்றை ஓவியரின் கற்பனையோடு சேர்ந்து சாயம் ஏறும் விதமும், கருவியின் இயல்பும், வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்த வரிசையும் தீர்மானித்தன. ஆகவே அத்துணிகளைப் படிக்க விரும்புபவர் பூவிலிருந்து தொடங்காமல், பூ எழுதப்பட்ட முறையிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

ஐரோப்பியச் சந்தையில் இத்துணிகள் சீட்டி என்ற பெயரில் விற்றன. வடக்கே மசூலிப்பட்டினத்திலிருந்து பழவேற்காடு, சென்னை, புதுச்சேரி வழியாக நாகப்பட்டினம் வரை இதற்கான நெசவூர்களும் சாயப்பட்டறைகளும் இருந்தன. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டியதற்கும், 1639இல் பிரான்சிஸ் டே சென்னப்பட்டினத்தில் ஆங்கிலேயருக்கு இடம் வாங்கியதற்கும் முதற்காரணம் துணிதான். சென்னை என்ற பெருநகரம் துறைமுக வசதியே இல்லாத, அலை மோதும் மணற்கரையில் எழுந்ததேன் என்று வியப்பவர்கள், அந்தப் பகுதியில் நல்ல துணி மலிவாகக் கிடைத்தது என்ற வணிகக் கணக்கை நினைவிற் கொள்ள வேண்டும். அதே துணி கிழக்கே இந்தோனேசியத் தீவுகளுக்கும் சயாமுக்கும் ஜப்பானுக்கும் சென்றது. சுலாவெசித் தீவின் தொராஜா மக்கள் அதைக் குலச்சொத்தாகப் பாதுகாத்துச் சடங்குகளில் மட்டும் வெளியே எடுத்தனர். ஜப்பானியர் சிறு துண்டுகளாக வெட்டித் தேநீர்ச் சடங்கின் பாத்திரங்களுக்கு உறை தைத்தனர்.

இத்தனை நாடுகள் இதை விரும்பியதற்கு ஓவிய அழகு ஒரு காரணம் என்றால், துவைத்தாலும் போகாத சாயம் அதைவிடப் பெரிய காரணம். கம்பளியும் பட்டும் சாயத்தை எளிதாக ஏற்கும்; பருத்தி ஏற்காது. வண்ணத்தைக் குழைத்துப் பருத்தியின்மீது பூசினால் அது மேலோட்டமாக ஒட்டி நின்று முதல் சலவையிலேயே வெளியேறிவிடும். நூலிழைக்கும் சாயத்துக்கும் நடுவே நின்று இரண்டையும் பிணைக்கும் உப்பு ஒன்று தேவை. வேதியியல் நூல்கள் அதை நிறமூன்றி என்று அழைக்கின்றன. சோழமண்டலக் கரையின் சாயக்காரர்கள் பயன்படுத்திய நிறமூன்றிகள் முதன்மையாக இரண்டு: படிகாரமும் இரும்பும். ஒரே சாயவேர்க் கொதிநீரில் துணியை முக்கினால் படிகாரம் பட்ட இடம் சிவக்கும், இரும்பு பட்ட இடம் கருக்கும், இரண்டும் கலந்த இடம் கத்தரிப்பூ நிறம் கொள்ளும், எதுவும் படாத இடம் வெறும் கறையோடு நின்று பிறகு வெளுத்துவிடும். அதாவது கலைஞர் துணியில் எழுதியது நிறத்தை அன்று. நிறம் வந்து அமர வேண்டிய இடத்தை.

இந்தச் சிவப்புக்கு மூலமான சாயவேர், இம்பூறல் என்றும் வழங்கப்படும் சிறு செடியின் வேர். செடி தரையோடு படர்ந்து கிடப்பது, பார்ப்பதற்கு எவ்விதக் கவர்ச்சியும் அற்றது. அதன் வேர் மட்டும் கடலோர மணலில் ஆழமாக இறங்கும். அந்த வேரின் பட்டையில்தான் சிவப்புச் சாயப்பொருளான அலிசரின் இருக்கிறது. பயிரிட்ட வேரைவிடத் தானாக வளர்ந்த வேரையே சாயக்காரர்கள் உயர்வாக மதித்தனர். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் டச்சு ஆட்சியின்போது இந்த வேரைத் தோண்டி எடுப்பது அரசுக்கு வருமானம் தரும் தொழிலாகவே நடத்தப்பட்டது. சிப்பித்தூள் கலந்த கடலோர மண்ணுக்கும் சிவப்பின் ஆழத்துக்கும் தொடர்பு உண்டென்ற நம்பிக்கை தொழிலில் நிலவியது. அலிசரின் படிகாரத்தோடு சேரும்போது சுண்ணாம்புச் சத்தும் உடனிருந்தால் நிறம் செழிக்கிறது என்று பிற்காலத்து வேதியியல் கண்டது, அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இருந்ததைக் காட்டுகிறது.

செய்முறையைப் பற்றி இன்று தெளிவாக அறிய முடிவதற்குப் புதுச்சேரியோடு தொடர்புடைய இரண்டு பிரெஞ்சு ஆவணங்கள் உதவுகின்றன. முதலாவது, கப்பல் அதிகாரியான அந்துவான் தெ பொல்யூ 1734 அளவில் எழுதியது. பாரிஸில் சாயங்களை ஆராய்ந்த துஃபே என்னும் அறிவியலாளரின் வேண்டுகோளுக்கு இணங்க, அவர் ஒரு துணியைத் தம் முன்னிலையில் எழுதச் செய்து, வேலையின் ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அத்துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துக் குறிப்போடு சேர்த்தார்; அந்தத் துண்டுகள் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. இரண்டாவது, சேசு சபைத் துறவி கேர்தூ 1742இல் எழுதிய நீண்ட கடிதம். சமஸ்கிருதத்துக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் இடையிலுள்ள உறவைப் பிற்காலத்தில் சுட்டிக்காட்டியவரும் அவரே. கிறித்தவம் தழுவிய சாயக்காரர்களிடம் கேட்டறிந்து அவர் எழுதிய செய்திகள், அடுத்த ஆண்டே பிரான்சில் அச்சாயின. எழுதியவர்களின் பெயர்களும் கேட்டு வாங்கியவர்களின் பெயர்களும் வரலாற்றில் நிற்கின்றன; பல தலைமுறைகளாகத் தேடிச் சேர்த்த அறிவைச் சொல்லிக்கொடுத்த சாயக்காரர் ஒருவரின் பெயர்கூட அந்த ஏடுகளில் இடம்பெறவில்லை என்பது இக்கலையின் வரலாற்றில் ஆறாத குறை.

இந்த ஆவணங்கள் காட்டும் வரிசை கூர்ந்து நோக்கத்தக்கது. வெளுத்த துணியைக் கடுக்காய்த் தூள் கரைத்த எருமைப்பாலில் ஊறவைத்துப் பிழிந்து காயவைப்பது முதல் வேலை. கடுக்காயின் துவர்ப்புச் சத்து நூலிழையில் ஏறி, நிறமூன்றியைப் பற்றிக்கொள்ளும் பிடிமானத்தைத் தருகிறது. பாலின் கொழுப்போ, நீர்த்த கரைசல் இழையோடு ஊறிப் பரவாமல் தடுக்கிறது. பசுவின் பாலைவிட எருமைப்பாலை நாடியது அந்தக் கொழுப்புக்காகவே. பிறகு மரக்கட்டையால் துணியை அடித்து அதன் மேற்பரப்பைத் தாள்போல வழவழப்பாக்குவார்கள். மயிரிழை போன்ற கோட்டைக் கரடான துணியில் இழுக்க முடியாது.

அடுத்தது வரைபடத்தை மாற்றுவது. தாளில் வரைந்த உருவத்தின் கோடுகள் நெடுகிலும் ஊசியால் துளையிட்டு, தாளைத் துணிமேல் விரித்து, கரித்தூள் கட்டிய சிறு பொட்டலத்தால் தட்டினால், துளைகளின் வழியே தூள் இறங்கிப் புள்ளிவரிசையாகத் துணியில் பதியும். அந்தப் புள்ளிகளைத் தொடர்ந்து, கலம் எனப்படும் எழுதுகோலால் கோடு இழுப்பார்கள். கருங்கோட்டுக்கு இரும்புத் துண்டுகளைப் புளித்த நீரில் பல நாள் ஊறவைத்து இறக்கிய காடி. அது துணியிலிருக்கும் கடுக்காய்ச் சத்தைத் தொட்ட மாத்திரத்தில் கறுக்கும். செங்கோட்டுக்குப் படிகார நீர். ஆனால் படிகார நீருக்கு நிறம் கிடையாது. எழுதியவருக்கே தாம் எழுதியது தெரியாது. இதற்காகப் பதங்கக் கட்டையை ஊறவைத்த சாற்றைச் சிறிது கலந்து நீருக்கு இளஞ்சிவப்பு ஏற்றினார்கள். பதங்கத்தின் அந்த நிறம் நிலைப்பதற்கென்று வந்ததன்று. கண்ணுக்கும் கைக்கும் வழிகாட்டிவிட்டுப் பின்வரும் சலவைகளில் தேய்ந்து போவது. கோடுகள் முடிந்ததும் முதல்முறை சாயவேர்க் கொதிநீரில் துணி இறங்கும்.

அதன்பின் நீலம். இங்கேதான் செய்முறையின் அறிவுக்கூர்மை முழுவதும் வெளிப்படுகிறது. அவுரி நீலத்துக்கு நிறமூன்றி வேண்டாம், ஆனால் அதைக் கலத்தால் எழுதவும் இயலாது. தொட்டியில் கரைந்திருக்கும்போது பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும் அது, காற்றுப் பட்டவுடன் நீலமாகி இறுகிவிடும். துணியைத் தொட்டியில் முக்கியே ஆக வேண்டும் என்பதால், நீலம் வேண்டாத இடம் முழுவதையும் தேன்மெழுகால் மூடினார்கள். பல அடி நீளமுள்ள மேல்விரிப்பு ஒன்றில் நீல இலைகள் மட்டுமே வெளியே தெரிய, மற்ற எல்லாப் பரப்பையும் மெழுகால் அடைப்பது எவ்வளவு பொறுமையைக் கேட்கும் வேலை என்பதை எண்ணிப் பார்க்கலாம். மெழுகிட்ட துணியை வெயிலில் விரிப்பார்கள். மெழுகு இளகி மறுபக்கம் வரை இறங்கும். கொதிக்கும் தொட்டியில் மெழுகு கரைந்துவிடும் என்பதால் நீலத் தொட்டி குளிர்ந்த தொட்டியாகவே இருக்க வேண்டியிருந்தது. சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துப் புளிக்கவைத்து அவுரியைக் கரைத்தது அதனால்தான். நீலம் ஏறிய பிறகு கொதிநீரில் மெழுகை நீக்கி, துணியை மறுபடி பாலிலும் கடுக்காயிலும் தோய்த்து, பூவிதழ்களுக்குள் படிகார நீரை வெவ்வேறு செறிவில் நிரப்பி, இரண்டாம் முறை சாயவேரில் கொதிக்க வைப்பார்கள். ஒரே பூவில் அடர்சிவப்பும் இளஞ்சிவப்பும் அருகருகே வருவது அந்தச் செறிவு வேறுபாட்டால்.

கறைபட்ட பின்புலத்தை வெளுக்கச் சாணநீரில் ஊறவைத்து, வெயிலில் விரித்து, காயக்காயத் தண்ணீர் தெளிப்பது தனியொரு வேலை. மஞ்சளைக் கடைசியில் தூரிகையால் பூசுவார்கள். பச்சை வேண்டிய இடத்தில் நீலத்தின் மேலேயே மஞ்சளை இடுவார்கள்.

கருவிகளோ மிகச் சில. எழுதுவதற்கான கலம் மூங்கில் குச்சி. முனையைச் சீவிக் கூராக்கி, அதற்குச் சற்று மேலே மயிரையோ கம்பளியையோ உருண்டையாகச் சுற்றி நூலால் கட்டியிருப்பார்கள். உருண்டை கரைசலை உறிஞ்சிக்கொள்ளும். விரல்கள் அதை அழுத்தும் அளவுக்கு ஏற்ப நீர் முனைக்கு இறங்கும். கோட்டின் பருமனும் மெலிவும் கைவீச்சிலும் அந்த அழுத்தத்திலும் இருப்பதால், நல்ல துணியொன்றில் கொடியின் வளைவு தொடங்குமிடத்தில் தடித்து, வளைந்து செல்லச்செல்ல மெலிந்து, நுனியில் இழையாக முடிவதைக் காணலாம். மெழுகுக்கான கலத்தின் முனை இரும்பால் ஆனது. மூங்கிலில் மெழுகு சீக்கிரம் உறைந்துவிடும், இரும்போ சூட்டைத் தாங்கி வைத்திருக்கும். சிவந்த இதழுக்குள் ஓடும் வெள்ளை நரம்புகள், நீல இலைமேல் படர்ந்த சல்லடைக் கோடுகள் எல்லாம் இந்த இரும்பு முனையின் வேலை. படிகாரம் நிரப்புவதற்கு முன் இதழில் மெழுகால் இழுத்த கோடு, நிறமூன்றியைத் தள்ளிவிட்டு, கொதிநீரில் தானும் கரைந்து, வெண்மையை மட்டும் விட்டுச் செல்கிறது. ஐரோப்பியப் பட்டறைகள் மிகவும் வியந்ததும், கடைசிவரை அதே நேர்த்தியோடு செய்ய முடியாமற் போனதும் இந்த நுண்கோடுகளே.

இவ்வளவும் அறிந்த கண்ணுக்கு அருங்காட்சியகத் துணி வேறுவிதமாகப் பேசும். 18ஆம் நூற்றாண்டின் மரக்கொடி விரிப்புகளில் இலைகள் பலவும் நீலமாக இருப்பதைப் பார்த்து, அதை வடிவமைப்பாளரின் துணிச்சலான தேர்வு என்று எண்ணிப் பின்பற்றுபவர்கள் உண்டு. அவை பெரும்பாலும் பச்சையாக இருந்த இலைகள். மேலே பூசிய மஞ்சள் வெளிச்சத்தில் மங்கி மறைந்துவிட, அடியிலிருந்த அவுரி மட்டும் எஞ்சியிருக்கிறது. அதேபோல் சில துணிகளில் கருங்கோடு இருக்க வேண்டிய இடத்தில் துணியே அரித்துப் போயிருப்பது தெரியும். இரும்புக் காடி காலப்போக்கில் பருத்தியைத் தின்றதன் அடையாளம் அது. நீலப் பரப்பில் மெல்லிய வெடிப்புக் கோடுகள் தெரிந்தால், மெழுகு உடைந்த இடத்தில் தொட்டி நீர் புகுந்திருக்கிறது என்று கொள்ளலாம். பழந்துணியின் இன்றைய தோற்றம் மூலக் கலைஞரின் நோக்கமும் 250 ஆண்டுகாலச் சிதைவும் கலந்த ஒன்று; இரண்டையும் பிரித்தறியச் செய்முறை அறிவைத் தவிர வேறு துணை இல்லை.

உருவங்களின் வரலாறும் எளிமையானதன்று. பாறைக் குவியலிலிருந்து எழுந்து, நெளிந்து, ஒரே கிளையில் பலவகைப் பூக்களைத் தாங்கி நிற்கும் மரம் சோழமண்டல விரிப்புகளின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அது முழுக்க உள்நாட்டு உருவம் என்றோ, அப்படியே மேல்நாட்டிலிருந்து வந்தது என்றோ சொல்ல முடியாது. 1643இல் லண்டனிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள், அடர்சிவப்புப் பின்புலம் கொண்ட மெத்தை விரிப்புகள் அங்கே விரும்பப்படுவதில்லை என்றும், வெள்ளைப் பின்புலத்தில் பூவும் கிளையும் நடுவில் வருமாறு எழுதி அனுப்ப வேண்டும் என்றும் எழுதினார்கள். பின்னர் மாதிரி வரைபடங்களும் வந்தன. அவற்றில் பாரசீகத் தோட்டமும் சீனப் பாறையும் மூங்கிலும் ஆங்கிலப் பூவேலையும் ஏற்கனவே கலந்திருந்தன. ஜான் இர்வினும் காத்தரின் பிரெட்டும் 1970இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கொடுக்கல் வாங்கலைத் துணி துணியாக எடுத்து விளக்கியது. அந்த ஆய்வு சொன்னவற்றோடு சேர்த்து வலியுறுத்த வேண்டியது ஒன்று உண்டு. மாதிரி எங்கிருந்து வந்திருந்தாலும், ஒவ்வொரு இலைக்குள்ளும் ஒவ்வொரு விதமான நிரப்புக் கோலம் இட்டு, ஒரே மரத்தில் எந்த இரண்டு இலையும் ஒன்றுபோல் இராதபடி செய்தது இந்தக் கரையின் கை. மெழுகுக் கலத்துக்கு வெற்றுப் பரப்பு பிடிக்காது.

இத்துணிகள் விளைவித்த அச்சம் சட்டங்களில் பதிவாகியிருக்கிறது. பிரான்ஸ் 1686இல் விதித்த தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்து 1701இல் இறக்குமதியான வண்ணத் துணிகளை உடுத்துவதைத் தடுத்தது. 1719இல் லண்டன் நெசவாளர்கள் சீட்டியுடை அணிந்த பெண்களைத் தெருவில் தாக்கும் அளவுக்குப் பகை முற்றியது. 1721இல் வந்த சட்டம் பெரும்பாலான அச்சுப் பருத்தித் துணிகளின் பயன்பாட்டையே தடுத்தது. அது 1774இல் தளர்ந்தபோது ஐரோப்பிய அச்சுப் பட்டறைகள் தாமே வேரூன்றிவிட்டன. நிறமூன்றியின் மறைபொருள் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. சாணநீர்த் தோய்ப்பைக்கூடத் தங்கள் தொழிற்சாலைகளில் கையாண்டார்கள். கலத்தை மட்டும் ஏற்கவில்லை. கோந்து கலந்து கெட்டியாக்கிய நிறமூன்றியை மரஅச்சால் ஒற்றினார்கள். 1750களில் செப்புத்தகடும், 1783இல் தாமஸ் பெல் உரிமம் பெற்ற உருளை அச்சும் வந்தன. பொல்யூவும் கேர்தூவும் அனுப்பிய அறிவில் வேதியியல் பகுதி கடல் கடந்து போய்ச் செழித்தது. கையின் பகுதி இங்கேயே நின்று வறண்டது. 1869இல் ஆய்வுக்கூட அலிசரினும் 1897இல் ஆய்வுக்கூட நீலமும் சந்தைக்கான வழியைக் கண்டபின், மணலில் வேர் தோண்டுவதற்கும் அவுரி விதைப்பதற்கும் இருந்த தேவை விரைவில் அருகியது.

ஏற்றுமதிச் சந்தையைச் சாராமல் தமிழகத்துக்குள்ளேயே இந்தத் தொழில்நுட்பம் அடைந்த உச்சம் ஒன்று உண்டு; அதை உலக வரலாறுகள் போதிய அளவு பேசுவதில்லை. கொள்ளிடக் கரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்திலுள்ள கோடாலிக்கருப்பூரில், தஞ்சை மராத்திய அரண்மனைக்காக நெய்யப்பட்ட சேலைகளே அந்த உச்சம். நெய்யும்போதே பருத்திக்கு இடையில் சரிகையால் சிறு உருவங்களைக் கோத்து, தறியிலிருந்து இறக்கிய பிறகு அந்த உருவங்களைச் சுற்றி மெழுகால் எழுதி, சாயவேர்ச் சிவப்பில் தோய்த்தார்கள். சரிகை சாயம் ஏற்பதில்லை. மெழுகுக் கோடு வெள்ளையாக நிற்கிறது. அடர்ந்த செம்மண் நிறத்துக்குள் வெள்ளை விளிம்பு கட்டிய பொன்பூ எழுகிறது. நெசவாளரும் எழுத்துக்காரரும் ஒரே கணக்கை மனத்தில் வைத்து வேலை செய்தால் ஒழிய, சரிகைப் பூவும் மெழுகுக் கோடும் இப்படிப் பொருந்தி வாரா. 1855இல் வாரிசு இல்லையென்று தஞ்சை அரசைக் கம்பெனி எடுத்துக்கொண்டதும் இச்சேலைகளுக்கான ஆதரவு அற்றது.

அந்த மரபின் இன்னொரு கிளை கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயில் துணிகளாகத் தொடர்கிறது: தேருக்கும் மண்டபத்துக்கும் தொங்கவிடும் உருளை வடிவத் தொம்பை, மேலே கட்டும் விதானம், வாசல் தோரணம். கலத்தால் எழுதும் இக்கலைக்குக் கருப்பூர் கலம்காரி என்ற பெயரில் 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கைவினைகளின் மீட்சிக்கு உழைத்த கமலாதேவி சட்டோபாத்யாய் போன்றோரின் முயற்சியால் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் காளஹஸ்தியில் இக்கலை மீண்டும் தளிர்த்தது. சென்னைக் கலாக்ஷேத்திராவிலும் அதற்குப் பட்டறை அமைந்தது. மூங்கில் கலமும் கடுக்காயும் இரும்புக் காடியும் இவற்றால் பிழைத்தன. ஆனால் இன்று எழுதப்படும் துணிகளில் பெரும்பாலானவற்றில் நீலம் தூரிகையால் பூசப்படுகிறது. குளிர்ந்த அவுரித் தொட்டியும், அதற்கு முன்வரும் மெழுகு வேலையும், அவற்றோடு சேர்ந்து இதழுக்குள் ஓடிய வெள்ளை நுண்கோடும் வழக்கிலிருந்து விலகிவிட்டன. பழந்துணியில் ஈடுபாடு கொண்ட வடிவமைப்பாளர் ஒருவர் கைவைக்க வேண்டிய இடம் இதுவே. தேன்மெழுகு கிடைக்கிறது, அவுரி திண்டிவனம் வட்டாரத்திலும் பயிராகிறது, இரும்பு முனையை எந்தக் கொல்லரும் செய்து தருவார். கட்டம் கட்டமாக வெட்டி ஒட்டிய துண்டுகளோடு பொல்யூவின் கையெழுத்துப்படி வேலை வரிசையையும் ஒவ்வொரு கட்டத்திலும் துணி எப்படித் தோன்ற வேண்டும் என்பதையும் காட்டுகிறது. கோட்டின் பருமனுக்கு அகமதாபாத் காலிகோ அருங்காட்சியகத்திலும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் உள்ள விரிப்புகளை மாதிரியாகக் கொள்ளலாம்.